இம்பேக்ட் டிரைவருக்கு எந்த பிட் வாங்குவது? ஒரே மாலையில் பதினொன்றை உடைத்தவன் சொல்வது

தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருந்தது. பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகும் சாலையோரத்தில் எங்கள் கூட்டாளிகளின் தண்ணீர்ப் பந்தல் வேலை. சட்டத்துக்கு இரும்பு பாக்ஸ் குழாய், மேடைக்கு மெராந்தி கட்டை, முன்பக்கத்துக்கு பிளைவுட். என் கையில் புத்தம் புது 18 வோல்ட் இம்பேக்ட் டிரைவர், அதாவது ஸ்குரூவை அடித்து அடித்து முடுக்கும் இயந்திரம். அதோடு கடையில் தொங்கிய 32 பிட் (ஸ்குரூ தலையில் பதியும் நுனித் துண்டு) கொண்ட ஒரு பெட்டி, 19 வெள்ளி 90 சென். இரவு பத்து மணிக்குள் அந்தப் பெட்டியில் பதினொரு பிட் போயிருந்தது. சிலது நுனி உடைந்தது, சிலது ஜிலேபி மாதிரி முறுக்கிக்கொண்டது, ஒன்று படாரென்று தெறித்துப் பக்கத்தில் நின்றவனின் சட்டையில் பட்டது. நல்லவேளை, கண்ணில் படவில்லை.

நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்த சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே பார்த்திருந்தார்.

"என்ன சித்தப்பா இது, பூரா டூப்ளிகேட் சாமானா இருக்கு!"

"பிட்டு மேல ஏன்டா கோபப்படுற? ஸ்குரூ தலையப் பாத்தியா முதல்ல?"

நான் பார்த்திருக்கவில்லை. கூட்டல் குறி மாதிரி இருந்தது, கூட்டல் குறி பிட்டைப் போட்டேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு வருஷம் வீட்டு வேலை, கோயில் வேலை, கூட்டாளி வீட்டு ஆவ்னிங் வேலை என்று நிறைய ஸ்குரூ முடுக்கியாயிற்று. அதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் சொல்வது கால் அங்குல ஆறு பட்டை ஓட்டை உள்ள இம்பேக்ட் டிரைவரைப் பற்றி. சுவரில் ஓட்டை போடும் ஹேமர் டிரில் வேறு, டயர் நட் கழற்றும் இம்பேக்ட் ரெஞ்சு வேறு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

பிட் ஏன் உடைகிறது

சாதாரண டிரில் ஒரே சீராகத் திருப்பும். இம்பேக்ட் டிரைவர் லேசான வேலையில்தான் அப்படி. ஸ்குரூ இறுக ஆரம்பித்ததும் உள்ளேயிருக்கும் சுத்தியல் துண்டு ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்வாங்கும். பிறகு விடுபட்டு, பிட்டைப் பிடித்திருக்கும் முன் துண்டைச் சுற்றும் திசையிலேயே அடிக்கும். அந்த 'டடடட' சத்தம் அதுதான். நிமிடத்துக்கு 3,000 அடிக்கு மேல் விழும் இயந்திரங்கள் சாதாரணம். ஒவ்வொரு அடியும் பிட்டின் நுனியில், நாலு சின்ன இறக்கைகளில் போய் விழுகிறது.

இதில் புதியவர்கள் (நானும்தான்) செய்யும் தவறு, கடினமான இரும்பாக இருந்தால் போதும் என்று நினைப்பது. மிகக் கடினமான பிட் முருங்கைக் கிளை மாதிரி, தேயாது ஆனால் மடக்கென்று முறியும். மிருதுவான பிட் முறியாது, ஆனால் நுனி மழுங்கி ஸ்குரூ தலையையும் சேர்த்துக் கெடுக்கும். நமக்கு வேண்டியது மூங்கில் மாதிரி ஒன்று. நுனி கெட்டியாக இருக்கணும், இடுப்பு கொஞ்சம் முறுக்கிக்கொண்டு திரும்ப நிமிரணும்.

படி 1: ஸ்குரூ தலையைப் பாருங்கள் (இங்கேதான் நான் விழுந்தேன்)

கூட்டல் குறி என்று நாம் சொல்வதில் குறைந்தது மூன்று சாதி உண்டு.

பிலிப்ஸ், சுருக்கமாக பி.எச். 1936-இல் காப்புரிமை பெற்ற பழைய வடிவம். பிட்டின் நுனி கூராக இருக்கும், இறக்கைகளின் பக்கங்கள் நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். இந்தச் சரிவினால்தான் முறுக்கு கூடும்போது பிட் தானாக மேலே ஏறி வெளியே நழுவப் பார்க்கும். பிளாஸ்டர் சீலிங்கில் அடிக்கும் கறுப்பு டிரைவால் ஸ்குரூ இந்த வகை.

போசிட்ரிவ், அதாவது பி.செட். மேலோட்டமாகப் பார்த்தால் பிலிப்ஸ்தான். வெளிச்சத்தில் தலையைச் சாய்த்துப் பாருங்கள். பெரிய கூட்டலுக்கு நடுவே, 45 டிகிரியில், கீறல் போட்ட மாதிரி நாலு மெல்லிய கோடு தெரியும். பிட்டிலும் இறக்கைகளுக்கு இடையில் நாலு குட்டி வரப்பு இருக்கும், நுனி மொட்டையாக இருக்கும். பக்கங்கள் ஏறக்குறைய நேராக இறங்குவதால் இது அவ்வளவாக நழுவாது. மஞ்சள் முலாம் பூசிய சிப்போர்டு ஸ்குரூக்களில் பெரும்பகுதி இதுதான். பத்து காவானில் இருக்கும் இக்கியாவில் அலமாரி வாங்கி வந்தவர்கள் பெட்டியில் இருக்கும் ஸ்குரூவை எடுத்துப் பாருங்கள், அந்த நாலு கோடு கண்ணில் படும்.

மூன்றாவது ஜப்பான்காரர்களின் ஜே.ஐ.எஸ். தலையில் பெரும்பாலும் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இதோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். இதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

அன்றைக்கு நான் அடித்துக்கொண்டிருந்தது பி.செட்.2 ஸ்குரூ. போட்டிருந்தது பி.எச்.2 பிட். உள்ளே போகும், திருப்பவும் செய்யும். அதனால்தான் ஏமாறுகிறோம். கூர் நுனி அடியில் முட்டிக்கொண்டு நிற்க, இறக்கைகள் முழுதாகப் பதியாமல் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். எல்லா அடியும் அந்த ஓரத்தில். உலகத்திலேயே விலை உயர்ந்த பிட்டைப் போட்டாலும் இதே கதிதான்.

எப்படிச் சரிபார்ப்பது? இயந்திரம் வேண்டாம். ஸ்குரூவை ஒரு கையில், பிட்டை மறு கையில் பிடித்து அழுத்தி, இடமும் வலமும் ஆட்டுங்கள். சரியான ஜோடி என்றால் இரண்டும் ஒரே குச்சி மாதிரி அசையும். தப்பான ஜோடி விழப்போகும் பல் மாதிரி ஆடும். அரை நிமிட வேலை. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட இதைத்தான் நான் நம்புகிறேன்.

அளவும் முக்கியம். 3.5 முதல் 5 மி.மீ. வரையிலான ஸ்குரூவுக்கு 2-ஆம் நம்பர். அதற்குக் கீழே 1, மேலே 3. பந்தல், அலமாரி, கதவுச் சட்டம் எல்லாம் பெரும்பாலும் 2-இல் முடிந்துவிடும்.

என் சொந்தக் கருத்து: ஸ்குரூ வாங்குவதே நீங்கள்தான் என்றால், கொஞ்சம் விலை கூட ஆனாலும் டோர்க்ஸ் தலை, அதாவது ஆறு முனை நட்சத்திரம் போட்டது வாங்குங்கள். 4 மி.மீ.க்குப் பெரும்பாலும் டி20, 5 மி.மீ.க்கு டி25. நழுவுவது என்ற பேச்சே குறைந்துவிடும். சித்தப்பா இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "ராத்திரி எட்டு மணிக்கு ஸ்குரூ தீந்து போனா மூலைக் கடையில நட்சத்திரம் கிடைக்குமாடா?" என்பார். அதுவும் நியாயம்தான்.

படி 2: தண்டையும் நீளத்தையும் பாருங்கள்

32 பிட் பெட்டியில் இருந்தவை எல்லாம் 25 மி.மீ. குட்டிகள். இவை இம்பேக்ட் டிரைவரின் வாயில் நேரடியாகப் பூட்டாது. நடுவில் ஒரு காந்தப் பிடிப்பான் தேவை. நேரடியாகப் பூட்டுகிற பிட்டில் ஆறு பட்டைத் தண்டைச் சுற்றி ஒரு காடி வெட்டியிருக்கும். (மலேசியத் தமிழில் காடி என்றால் வண்டி, தெரியும். நான் சொல்வது தச்சர்கள் சொல்லும் காடி, சுற்றுப் பள்ளம்.) இயந்திரத்தின் வளையத்தை இழுத்து பிட்டைச் செருகி விட்டால், உள்ளே இருக்கும் குண்டு அந்தக் காடியில் உட்கார்ந்துகொள்ளும்.

25 மி.மீ. பிட்டுக்கு முறுக்கிக்கொள்ள இடமே இல்லை. கழுத்தும் இடுப்பும் ஒன்றாக இருக்கும் குள்ளன். அடி விழுந்தால் நேரே நுனிதான் வாங்கிக்கொள்ளும். அதோடு பிடிப்பானுக்கும் பிட்டுக்கும் நடுவே ஒரு ஆட்டம், பிட்டுக்கும் ஸ்குரூவுக்கும் நடுவே இன்னொரு ஆட்டம். இரண்டு ஆட்டமும் சேர்ந்தால் நேராகப் பிடிக்கவே முடியாது.

ஆகவே குறைந்தது 50 மி.மீ. எனக்குப் பிடித்தது 65. நுனி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், விரல் ஸ்குரூவைப் பிடிக்க இடம் இருக்கும். 110, 150 எல்லாம் மூலைக்குள் கை நுழையாத இடத்துக்கு மட்டும். நீளம் கூடினால் நுனி தள்ளாடும்.

படி 3: அட்டையில் எதைப் படிப்பது, எதை விடுவது

படிக்க வேண்டியவை இரண்டே இரண்டு.

ஒன்று, இம்பேக்ட் என்ற சொல். கையால் திருப்பும் ஸ்குரூ டிரைவருக்கும் சாதாரண டிரில்லுக்கும் செய்த பிட்கள் பல இடங்களில் பக்கத்திலேயே தொங்கும். குரோம் வெனேடியம் என்று மட்டும் போட்டிருந்தால் நான் கையில் எடுப்பதில்லை. அது ஸ்பேனருக்கும் கை ஸ்குரூ டிரைவருக்கும் அருமையான இரும்பு. இங்கே நமக்கு வேண்டியது எஸ்2. அதிர்ச்சி தாங்குவதற்கென்றே உள்ள கருவி எஃகு வகையைச் சேர்ந்தது.

ஆனால் எஸ்2 என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது. இரும்பைச் சூடாக்கி ஆற்றிப் பதம் வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே அரிசி, ஒரு வீட்டில் சோறு, இன்னொரு வீட்டில் கூழ். என் 19.90 பெட்டியிலும் எஸ்2 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

இரண்டு, இடுப்பு. பிட்டின் நடுப்பகுதி மெலிந்து, குடம் தூக்கும் பெண்ணின் இடை மாதிரி ஒடுங்கியிருக்கிறதா பாருங்கள். டோர்ஷன் என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். சில கம்பெனிகள் அந்த இடத்தைக் கலர் ரப்பரால் மூடியிருக்கும். சுத்தியல் அடிக்கும் நொடியில் அந்த ஒடுங்கிய பகுதி ஒரு துளி முறுக்கிக்கொண்டு வேகத்தை உறிஞ்சும், பிறகு நேராகும். மெலிந்தது எப்படி வலுவாக இருக்கும் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. புயலில் விழுவது தென்னையா ஆலமரமா என்று யோசித்துப் பாருங்கள்.

விட்டுவிட வேண்டியது தங்க நிறம். டைட்டேனியம் என்று சொல்லிப் பளபளக்கும் அந்தப் பூச்சு மிக மிக மெல்லியது. மேல்தோல் தேய்மானத்துக்கு ஏதோ உதவும், உள்ளே இருக்கும் இரும்பு உடைவதை அது தடுக்காது. நுனியில் வைரப் பொடி பதித்தவை வேறு விஷயம். சொரசொரப்பாக ஸ்குரூ தலையைக் கவ்விப் பிடிக்கும், நழுவுவது குறையும். ஆனால் அந்தப் பொடி உதிர்ந்துவிட்டால் பிறகு அதுவும் ஒரு சாதாரண பிட்தான்.

சரி, என்ன வாங்குவது என்று நேராகக் கேட்டால்: தினசரிக்கு ஜப்பானின் வெசல் கம்பெனி டோர்ஷன் பிட், 65 மி.மீ. இதைத்தான் நான் பொட்டலமாக வாங்கி வைத்திருக்கிறேன். நழுவக் கூடாத இடத்துக்கு, அதாவது விலை உயர்ந்த கதவு மாதிரி வேலைக்கு, வேராவின் வைர நுனி இம்பேக்டர். மில்வாக்கி ஷாக்வேவ், மக்கித்தாவின் இம்பேக்ட் வகைகளும் பயன்படுத்தியிருக்கிறேன், குறை சொல்ல முடியாது. யாரும் எனக்குக் காசு கொடுக்கவில்லை.

ஆனால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் 40 பிட், 60 பிட் பெட்டி வாங்காதீர்கள். அதில் நீங்கள் தொடப்போவது நாலு. மற்றது எல்லாம் மைலோ டின்னில் துருப்பிடிக்கும். பி.எச்.2 ஐந்து, பி.செட்.2 ஐந்து, டி20 இரண்டு, டி25 இரண்டு, 8 மி.மீ. நட் சாக்கெட் ஒன்று. ஒரு வீட்டுக்கு இது தாராளம். முதல் தடவை ஒரு கம்பெனியில் இரண்டே பிட் வாங்கிப் பழைய கட்டையில் ஐம்பது ஸ்குரூ அடித்துப் பாருங்கள். பிடித்தால் பொட்டலம். ஜெலுத்தோங் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் ஒன்றிரண்டாகவும் தருவார்கள், தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) கேட்டால் போதும். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் கம்பெனியின் சொந்தக் கடையில் மட்டும் வாங்குங்கள். போலி பிட் அசலைவிட அழகாக இருக்கும்.

படி 4: வாங்கியதைக் கொல்லாமல் பயன்படுத்துங்கள்

கண்ணாடி போடுங்கள். காதுக்கும் ஏதாவது.

மரத்தைப் பார்த்து வேலை செய்யுங்கள். மெராந்தி மிருதுவானது, சொன்னபடி கேட்கும். செங்கால் அப்படியல்ல. கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் எடையுள்ள மரம், தண்ணீரில் போட்டால் கிட்டத்தட்ட மூழ்கப் பார்க்கும். பழைய வீட்டுக் கதவுச் சட்டத்தில் துளை போடாமல் நேரே ஸ்குரூவை இறக்கினால் பிட் உடையும், அது தப்பித்தால் ஸ்குரூ உடையும். 4 மி.மீ. ஸ்குரூவுக்கு முதலில் 3 மி.மீ. துளை போடுங்கள், மரையில் மெழுகுவத்தி தேயுங்கள். சோப்பும் தேய்க்கலாம், ஆனால் அது ஈரத்தை இழுத்து ஸ்குரூவைத் துருப்பிடிக்க வைக்கும், அதனால் எனக்கு மெழுகுதான்.

முதல் மூன்று நாலு சுற்று மெதுவாக, பிட் நேராக, பின்னாலிருந்து உடம்பு எடையோடு அழுத்தம். அதன்பிறகு விசையை அமுக்குங்கள். தலை மரத்தைத் தொடப்போகும் நேரத்தில் விரலை விடுங்கள். புதியவர்களின் பிட் பெரும்பாலும் அந்தக் கடைசி அரை நொடியில்தான் உடைகிறது. ஸ்குரூ நின்றுவிட்டது, சுத்தியல் நிற்கவில்லை.

கீலில் போடும் சின்ன 3 மி.மீ. ஸ்குரூவுக்கும் பித்தளை ஸ்குரூவுக்கும் இம்பேக்ட் வேண்டவே வேண்டாம். கை ஸ்குரூ டிரைவரை எடுங்கள்.

எப்போது தூக்கிப் போடுவது? இறக்கையின் ஓரம் உருண்டு பளபளக்க ஆரம்பித்தால் அது ஹாவுஸ் ஆகிவிட்டது, அதாவது தேய்ந்துவிட்டது என்று இங்கே எல்லாரும் மலாயில் சொல்வார்கள். நாலைந்து வெள்ளி பிட்டை மிச்சம் பிடிக்கப் பார்த்து, தலை மொட்டையான ஒரு ஸ்குரூவைச் செங்கால் மரத்திலிருந்து பிடுங்க நான் முக்கால் மணி நேரம் செலவழித்திருக்கிறேன். இப்போதெல்லாம் யோசிப்பதே இல்லை, நேரே குப்பைத் தொட்டி.

கடல் காற்று ஊர் இது. வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் உள்ளே போட்டு வைத்தால் நல்லது.

பிறகு சேர்த்தது: படித்தவர்கள் கேட்டவை

ஆவ்னிங் போடும் ஒருவர் கேட்டது: நட் சாக்கெட் புதிதாக இருந்தும் கூரை ஸ்குரூவின் ஆறு பட்டைத் தலையில் ஆழமாக உட்காரவில்லை, தலையின் முனைகள் மழுங்குகின்றன. எனக்கும் நடந்தது. சாக்கெட்டின் அடியில் காந்தம் இருக்கிறது இல்லையா, இரும்பைத் துளைக்கும்போது வரும் தூளெல்லாம் அங்கே போய் ஒட்டிக்கொண்டு மேடு கட்டிவிடும். பத்து ஸ்குரூவுக்கு ஒரு முறை ஒரு உருண்டை புளூடேக்கை (சுவரில் படம் ஒட்டும் மாவு மாதிரி பசை) உள்ளே அழுத்தி எடுங்கள், தூள் அதோடு வந்துவிடும். நகத்தால் நோண்டாதீர்கள், ஊசி மாதிரி குத்தும்.

கப்சாய் விஷயம். இஞ்சின் மூடியில் இருக்கும் புள்ளி போட்ட ஸ்குரூவைச் சாதாரண பிலிப்ஸ் பிட்டால் திறக்கப் பார்த்துத் தலையைக் கெடுத்துக்கொண்டதாக மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஜே.ஐ.எஸ். பள்ளத்தின் அடி வேறு மாதிரி, பிலிப்ஸ் நுனி முழுதாக இறங்காது. வெசல் போன்ற ஜப்பான் கம்பெனிகளின் பிட் இதற்குப் பொருந்தும். இன்னொன்று, இந்த வேலைக்கு மின்சார இயந்திரத்தைவிடச் சுத்தியலால் பின்னால் தட்டினால் திரும்புகிற கை இம்பேக்ட் டிரைவர்தான் பாதுகாப்பு. தட்டும்போதே பிட் உள்ளே அழுந்துகிறது, அதனால் நழுவாது.

கடைசியாக, மக்கித்தா வைத்திருக்கும் ஒருவர்: நல்ல பிட்தான், வளையம் பூட்டவே மாட்டேன் என்கிறது, தொளதொள என்று ஆடுகிறது. இது பிட்டின் குற்றமில்லை. அவர்களுடைய இயந்திரங்களில் ஓட்டை ஆழம் இரண்டு வகை. ஆழமான ஓட்டையுள்ள இயந்திரத்தில், அடியிலிருந்து காடி வரை நீளமாக இருக்கும் பிட் நேரே உட்காரும். அந்த நீளம் 9 மி.மீ. மட்டுமே உள்ள குட்டை வால் பிட் என்றால், பிட் பீஸ் என்ற ஒரு சின்ன இரும்புத் துண்டை முதலில் உள்ளே போட்டு, அதன் மேல் பிட்டைச் செருகணும். கையேட்டில் படத்தோடு இருக்கிறது. என்னுடையது இயந்திரம் வந்த பெட்டியின் அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. குப்பை என்று நினைத்து ஏறக்குறைய வீசியிருப்பேன்.